நாரின் போக்கில் ஒரு கரண்டி: வாசகர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மரக்கரண்டி செதுக்குவதைப் பற்றியவை. ஒரே ஐயத்தைப் பலர் வெவ்வேறு சொற்களில் எழுப்பியிருப்பதால், அவற்றை ஒன்றுசேர்த்து, எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்துப் பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, இதுவரை நான் மர வேலை எதுவும் செய்ததில்லை. பட்டறையும் பெரிய கருவிகளும் இல்லாமல் ஒரு கரண்டியைச் செதுக்க முடியுமா? எந்த மரத்தில் தொடங்குவது?

பதில்: தாராளமாக முடியும். கட்டையைப் பிளந்து உருவத்தைத் தோராயமாக எடுக்க ஒரு கைக்கோடரி, வெளிப்புறத்தைச் சீவ நேரான அலகுள்ள ஒரு சிறு கத்தி, குழியைக் குடைய அலகு வளைந்த ஒரு கத்தி, ஆக மூன்று கருவிகள் போதும். கோடரியால் கொத்தும்போது கீழே வைத்துக்கொள்ள ஓர் அடிக்கட்டை வேண்டும். நேர் கத்தியின் அலகு 6 முதல் 8 சென்டிமீட்டர் வரை இருந்தால் கைக்கு அடங்கும். கூர் முனையை நோக்கி இறங்கும் அதன் இரு பக்கச் சரிவுகளும் மேடில்லாமல் தட்டையாக இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். அந்தச் சரிவு மரத்தின்மேல் படிந்து நகரும்போதுதான், கத்தி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதைக் கை தீர்மானிக்க முடியும்.

மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே எடுங்கள். நீர் ஊறிய மரத்தில் நார்கள் இளகியிருப்பதால் கத்தி எளிதாக இறங்கும். அதே மரம் காய்ந்து இறுகிய பிறகு, பழகாத கையால் அதில் ஒரு குழியைக் குடைந்து முடிப்பது பெரும்பாடு. காய்ந்த பலகையில் தொடங்கிவிட்டு, தமக்கு இந்த வேலை வராது என்று முடிவுகட்டிய பலரை நான் அறிவேன். அவர்களிடம் குறை ஒன்றுமில்லை, எடுத்த மரம்தான் பொருந்தவில்லை.

துளைகள் மிக நுண்ணியவையாகவும் சீராகப் பரவியும் உள்ள மரங்கள் கரண்டிக்கு ஏற்றவை. பிர்ச், மேப்பிள், செர்ரி ஆகியவற்றைச் செதுக்குபவர்கள் விரும்புவது இதனால்தான். வேறு மரம் கைக்குக் கிடைத்தால், அதன் குறுக்குவெட்டில் கூரான கத்தியால் ஒரு மெல்லிய சீவல் எடுத்துவிட்டு அந்த இடத்தை உற்றுப் பாருங்கள். வெறுங்கண்ணுக்கே ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தால், ஓக் மரத்தில் தெரிவதைப் போல, குழம்பும் எண்ணெயும் அவற்றுக்குள் புகுந்து தங்கும். அந்த மரத்தைக் கரண்டிக்கு விலக்கிவிடலாம். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு என்பதால், எவ்வளவு அழகான கட்டையாக இருந்தாலும் அதைத் தொடாதீர்கள். யூ மரமும் அப்படியே. பெயர் தெரியாத மரம், சாயமோ பூச்சு மருந்தோ ஏறிய பழைய பலகை ஆகியவை வாய்க்குள் போகும் பொருளுக்கு ஆகா.

கேள்வி: வீட்டின் பின்புறம் ஒடிந்து விழுந்த கிளையை முழுதாகவே வைத்துக் கரண்டி செதுக்கி, மின்விசிறிக்குக் கீழே உலர வைத்தேன். இரண்டே நாளில் குழியின் நடுவில் விரிசல் விட்டுவிட்டது. மரத்தில் குறையா, என் வேலையில் குறையா?

பதில்: இரண்டிலும் இல்லை என்றே சொல்வேன். நீங்கள் கட்டையைப் பிளக்காமல் எடுத்ததும் விரைவாக உலர்த்தியதும் சேர்ந்து இப்படிச் செய்துவிட்டன. மரத்துக்குள் நீர் இரண்டு விதமாக இருக்கிறது. உயிரணுக்களின் உள்ளே வெற்றிடத்தில் தேங்கியிருப்பது ஒன்று, அவற்றின் சுவர்களிலேயே ஊறியிருப்பது மற்றொன்று. தேங்கிய நீர் வெளியேறும்போது கட்டையின் எடை குறையுமே தவிர அளவு மாறாது. ஈரம், உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகு சுவர்களில் ஊறிய நீர் போகத் தொடங்குகிறது. மரம் சுருங்குவது அப்போதுதான்.

இந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருந்தால் கரண்டி சற்றே சிறிதாகும், அவ்வளவுதான். ஆனால் நார்களின் நீளவாக்கில் சுருக்கம் மிகச் சொற்பம். ஆண்டு வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கமோ, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் நடுமையம் உள்ளே அடங்கியிருக்கும் உருண்டைக் கட்டையில் வெளிவட்டம் சுருங்க முயலும்போது உள்ளே இடம் கொடுக்க வழியில்லாமல் இழுவிசை ஏறிக்கொண்டே போய், ஏதோ ஓரிடத்தில் மையத்திலிருந்து பட்டைவரை வாய் பிளக்கிறது. ஆகவே முதல் வேலையாகக் கட்டையை நடுமையத்தின் வழியாக இரண்டாகப் பிளந்து, மையத்தை ஒட்டிய பகுதியைக் கோடரியால் முழுவதும் எடுத்துவிடுங்கள். அறுப்பதைவிடப் பிளப்பதே நல்லது என்பேன். வாள் தன் போக்கில் நார்களைக் குறுக்கே அறுத்துச் சென்றுவிடும். பிளவோ நார்களைத் தொடர்ந்தே ஓடி, மரம் உள்ளே எப்படி வளர்ந்திருக்கிறது என்பதை உங்களுக்குத் திறந்து காட்டும்.

அடுத்தது உலர்த்தும் வேகம். நார்களின் முனைகள் வெளியே தெரியும் வெட்டுமுகத்தின் வழியாக நீர், பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக வெளியேறுகிறது. கரண்டிக் குழியின் இரு முனைகளிலும் அத்தகைய வெட்டுமுகங்கள் இருப்பதால், காற்று நேராகப் படும்போது விரிசல் அங்கேதான் தொடங்கும். பாதியில் வேலையை நிறுத்த நேர்ந்தால் கட்டையை நெகிழிப் பையில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். அப்படியே பல நாள் விட்டால் பூஞ்சை பிடிக்கும். ஈர வேலை முழுதும் முடிந்ததும், தன்னிடமிருந்து உதிர்ந்த சீவல்களோடு சேர்த்துக் கரண்டியை ஒரு காகிதப் பையில் போட்டு வாயை மடித்து, நிழலில் வைத்துவிடுங்கள். சமையலறைத் தராசில் அவ்வப்போது எடை பார்த்து வந்து, எடை குறைவது நின்றதும் வெளியே எடுக்கலாம். சுவர் ஓரிடத்தில் தடித்தும் மற்றோரிடத்தில் மெலிந்தும் இருந்தால் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் உலர்ந்து ஒன்றையொன்று இழுக்கும் என்பதால், பைக்குள் வைப்பதற்கு முன் குழியின் சுவரை விரல்களுக்கு இடையே பிடித்துத் தடவிச் சமமாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கத்தி சில இடங்களில் வழுக்கிக்கொண்டு போகிறது, சில இடங்களில் மரத்தைச் சீவாமல் பிய்க்கிறது. குழிக்குள் எவ்வளவு முயன்றாலும் சொரசொரப்பு போவதில்லை. கத்தியை மாற்ற வேண்டுமா?

பதில்: கத்தியை மாற்றுவதற்கு முன் திசையை மாற்றிப் பாருங்கள். கரண்டி செதுக்குவதில் கற்க வேண்டிய பெரிய பாடம் ஒன்றுதான். மற்றவை எல்லாம் அதன் கிளைகள். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை ஒவ்வொரு வெட்டுக்கு முன்னும் படிப்பதே அந்தப் பாடம்.

மரம் என்பது ஒரே திசையில் படுத்திருக்கும் நார்களின் கட்டு. ஒரு வளைவைச் செதுக்கும்போது அந்த நார்களைச் சாய்வாக அரிகிறீர்கள். மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி அரிந்தால், வெட்டப்படும் ஒவ்வொரு நாருக்கும் அடியில் இன்னும் நீண்டு கிடக்கும் நார் தாங்கலாக இருக்கும். வெட்டு வழுவழுப்பாக விழும். பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கிக் கத்தியைத் தள்ளினால் அலகு நார்களுக்கு இடையே புகுந்து, வெட்டுவதற்குப் பதில் பிளந்துகொண்டு போகும். நீங்கள் பிய்க்கிறது என்று எழுதியிருப்பது இதைத்தான்.

இதைக் கரண்டியின் உடலில் பொருத்திப் பார்ப்போம். மேலிருந்து பார்க்கையில் கரண்டித் தலை அகன்று இருக்கும் இடம் மேடு, கழுத்து பள்ளம். ஆகவே அகன்ற இடத்திலிருந்து கழுத்தை நோக்கி ஒரு வெட்டு, காம்பிலிருந்து கழுத்தை நோக்கி எதிர்த்திசையில் ஒரு வெட்டு, அகன்ற இடத்திலிருந்து நுனியை நோக்கி இன்னொரு வெட்டு. கழுத்தின் மிகக் குறுகிய புள்ளியில் இரு திசை வெட்டுகளும் சந்திக்கின்றன. ஒன்று மற்றொன்றின் எல்லையைத் தாண்டிவிட்டால் அங்கே பிசிறு எழும்பும். அந்தச் சந்திப்பில் கத்தியின் வேகத்தைக் குறைத்து, சீவலின் கனத்தையும் குறைத்து, கடைசி இரண்டு மில்லிமீட்டரில் அலகைச் சற்றே திருப்பி மேலே எடுத்துவிட வேண்டும். சந்திப்பை எட்டிவிட்டோம் என்பதைக் கண்ணைவிடக் காது முன்னதாகச் சொல்லும். சீராகக் கேட்டுக்கொண்டிருந்த சரசரப்பு ஒரு நொடி கரகரவென்று மாறும். அதற்கு மேல் ஒரு மயிரிழைகூடப் போகாமல் கரண்டியைத் திருப்பிப் பிடித்து எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள்.

குழிக்குள்ளும் இதே விதிதான். தொடக்கத்தில் குழியை நார்களுக்குக் குறுக்காகக் குடையுங்கள். குறுக்கு வெட்டு பிளவை ஓடவிடாது என்பதால் துணிந்து ஆழமாக எடுக்கலாம். ஆழம் வந்த பிறகு, நுனியிலிருந்து அடியை நோக்கியும் கழுத்திலிருந்து அடியை நோக்கியும் மெல்லிய சீவல்களாக எடுத்து, அடிப்பகுதியில் இரண்டையும் குறுக்கு வெட்டால் இணைத்துவிடுங்கள். கணு இருக்கும் இடத்தில் நார் அதைச் சுற்றிக்கொண்டு போவதால் திசை இரண்டு விரற்கடைக்குள் இருமுறை மாறும். புதியவர்கள் கணுவில்லாத கட்டையாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.

திசை சரியாக இருந்தும் பிசிறு எழும்பினால், அப்போது கத்தியைக் கவனியுங்கள். நேர் கத்தியை 1000 நுண்மையுள்ள தீட்டுக்கல்லிலும் அடுத்து 4000 நுண்மையுள்ள கல்லிலும், சரிவு முழுதும் கல்லில் படியுமாறு தீட்டிவிட்டு, மெருகுப் பசை தடவிய தோல் பட்டையில் அலகைப் பின்னோக்கி இழுத்துப் பிசிறை நீக்குங்கள். வளைந்த கத்திக்கு, உருண்டையான ஒரு குச்சியில் நுண்ணிய உப்புத்தாளைச் சுற்றிக்கொண்டால் அதுவே தீட்டுக்கல். வேலை நடுவில் அரை மணிக்கு ஒருமுறை தோலில் இழுத்துக்கொண்டே வந்தால் கல்லுக்குப் போகும் தேவையே அரிதாகும்.

கேள்வி: கையை வெட்டிக்கொள்வேனோ என்ற அச்சத்தால் தொடங்காமலே இருக்கிறேன்.

பதில்: அந்த அச்சம் நல்லது. கத்தியைப் பார்த்து வேலை செய்வதைவிட, கத்தி வழுக்கினால் எங்கே போய் நிற்கும் என்பதைப் பார்த்து வேலை செய்யுங்கள். அலகு போகும் வழியில் உடம்பின் எந்தப் பகுதியும் இருக்கக் கூடாது. உட்கார்ந்து செதுக்கும்போது இரு தொடைகளுக்கும் நடுவே ஒருபோதும் வெட்டாதீர்கள்; தொடையின் உட்புறத்தில் பெரிய தமனி ஓடுகிறது, அங்கே படும் காயம் உயிருக்கே ஆபத்தாகிவிடும். கட்டையை முழங்காலுக்கு வெளிப்புறமாகப் பிடித்துக்கொண்டு, முழங்கை உடம்போடு ஒட்டியிருக்க, சிறிய வெட்டுகளாக எடுக்க வேண்டும். வலு தேவைப்படும் இடத்தில், கட்டையைப் பிடித்த கையின் பெருவிரலைக் கத்தியின் முதுகில் வைத்துத் தள்ளினால் வெட்டு வேண்டிய இடத்தில் நின்றுவிடும். கோடரி வேலையில், கட்டையைப் பிடித்திருக்கும் கை எப்போதும் வெட்டு விழும் இடத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும். மழுங்கிய கத்திக்கு மிகுந்த வலுக் கொடுக்க நேர்வதால் அதுவே கூரான கத்தியைவிட அபாயமானது. களைப்பு வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: பார்வைக்கு மிக நளினமாக ஒரு கரண்டி செய்தேன். காம்பைக் கீழ்நோக்கி அழகாக வளைத்திருந்தேன். சில நாள் பயன்படுத்தியதும் கழுத்தில் ஒடிந்துவிட்டது. கனமாகச் செய்வதுதான் ஒரே வழியா?

பதில்: கனம் ஓரளவுக்குத்தான் உதவும். நேரான நார் கொண்ட கட்டையில் வளைந்த காம்பை வெட்டும்போது, வளைவு கூடும் இடத்தில் நார்கள் காம்பின் ஒரு பக்கத்தில் நுழைந்து மறுபக்கத்தில் வெளியேறிவிடுகின்றன. அங்கே மரத்தைத் தாங்குவது நீளமான நார் அன்று, குட்டை நார்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் ஒட்டு மட்டுமே. நீங்கள் ஒடிந்த இடத்தைப் பார்த்தால் சிலாம்பு எதுவும் நீட்டிக்கொண்டிராமல் சாய்வாக, சுத்தமாக விட்டிருக்கும்.

இதற்கு நேர்த்தியான தீர்வு, வளைந்தே வளர்ந்த கிளையைத் தேடிப் பிடிப்பது. கிளையின் வளைவோடு நார்களும் வளைந்து ஓடுவதால், அதைப் பிளந்து செதுக்கும் கரண்டியில் கழுத்தை வியக்கத்தக்க அளவுக்கு மெலிதாக வைத்தாலும் ஒடியாது. அத்தகைய கிளை கிடைக்காதபோது வளைவைக் குறைத்துக்கொண்டு, கழுத்தை மேலிருந்து பார்க்க ஒடுங்கியதாகவும் பக்கவாட்டில் பார்க்க ஆழமானதாகவும் வையுங்கள். அடிப்புறத்தில் குழியின் முதுகிலிருந்து காம்புக்குள் ஓடும் ஒரு மெல்லிய மேட்டை விட்டுவைப்பதும் நல்ல பலம். மேலிருந்து பார்ப்பவருக்கு நளினம் குறையாது.

சாப்பிடும் கரண்டி என்றால் மொத்த நீளம் 18 முதல் 20 சென்டிமீட்டர், தலையின் அகலம் 4 சென்டிமீட்டர் அளவு, குழியின் ஆழம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று முன்பின் என்று தொடங்கலாம். குழி ஆழமாகிவிட்டால் உதடு அடியை எட்டாமல் உணவு உள்ளேயே தங்கும்.

கேள்வி: உப்புத்தாள் போட்டு வழுவழுப்பாக்கியும், முதல் முறை கழுவியதும் முடி முளைத்ததுபோல் சொரசொரப்பாகிவிடுகிறது. எந்த எண்ணெய் பூசினால் இது நிற்கும்?

பதில்: உப்புத்தாள் நாரை வெட்டுவதில்லை, சுரண்டுகிறது. சுரண்டப்பட்ட நுனிகள் அழுந்திக் கிடந்து, நீர் பட்டதும் ஊதி எழுந்துகொள்கின்றன. உப்புத்தாளைத்தான் விரும்புகிறீர்கள் என்றால், தேய்த்த பிறகு கரண்டியை நனைத்து உலரவிட்டு, எழும்பிய நுனிகளை மீண்டும் மெல்லத் தேய்த்து எடுங்கள். இரண்டு மூன்று சுற்றில் அடங்கிவிடும். நான் விரும்புவது கத்தி முடிப்பு. கரண்டி நன்றாக உலர்ந்த பிறகு, புதிதாகத் தீட்டிய கத்தியால் கண்ணாடித்தாள் போன்ற சீவல்களாக மேற்பரப்பு முழுதும் ஒருமுறை எடுத்துவிட்டால், ஒவ்வொரு வெட்டும் ஒரு சிறு தளமாக ஒளியைத் திருப்பித் தரும். கழுவினாலும் பெரிதாகப் பிசிறு எழாது. அதன்மேல் வழுவழுப்பான ஒரு கூழாங்கல்லால் அழுத்தித் தேய்த்தால் இன்னும் இறுகும்.

எண்ணெய்களில், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுபவை மட்டுமே மரத்தில் தங்கும். ஆளிவிதை எண்ணெயும் வால்நட் எண்ணெயும் அத்தகையவை. தேங்காய் எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் இறுகாமல் எண்ணெயாகவே இருந்து கழுவக் கழுவப் போய்விடும். பெயின்ட் வேலைக்கென்று, காய்ச்சியது என்ற பெயரில் விற்கும் ஆளிவிதை எண்ணெயில் விரைவாக உலர்வதற்கான உலோக உப்புகள் கலந்திருக்கக்கூடும் என்பதால் அதை வாங்காதீர்கள். உணவுத் தரமுள்ள, கலப்பில்லாத எண்ணெயே வேண்டும். அது முழுதாக இறுக வாரக்கணக்கில் ஆகும், பொறுத்திருங்கள். கொட்டைகள் ஒவ்வாத யாராவது வீட்டில் இருந்தால் வால்நட் எண்ணெயைத் தவிர்த்துவிடுங்கள்.

எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளியாகிறது. சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் அடைபட்டுத் தானாகவே தீப்பிடிக்கும். துணியைத் திறந்த வெளியில் விரித்து உலர்த்துங்கள், அல்லது நீரில் அமிழ்த்தி வையுங்கள்.

கேள்வி: கடையில் நிமிடத்தில் வாங்கிவிடக்கூடிய ஒரு பொருளுக்காக மாலைப் பொழுதுகளைச் செலவிடுகிறீர்களே என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

பதில்: சிக்கனத்துக்காக என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது உண்மையாகாது. எனக்குத் தெரிந்த காரணங்களை எழுதுகிறேன், உங்களுக்குப் பொருந்துகிறதா பாருங்கள்.

கூரான கத்தி கையில் இருக்கும்போது மனம் வேறெங்கும் போக முடியாது. அதே சமயம் மனத்தைக் கசக்கிப் பிழியும் கடினமும் இந்த வேலையில் இல்லை. நாரின் போக்கைத் தவறாகப் படித்தால் அடுத்த நொடியே மரம் பிய்ந்து காட்டிவிடும், சரியாகப் படித்தால் அதே நொடியில் நீண்ட சீவல் ஒன்று சுருண்டு விழும். நம் அன்றாட வேலைகளில் செய்ததன் பலன் தெரிய மாதங்கள் ஆகின்றன. பல சமயம் தெரிவதே இல்லை. இங்கே மரம் உடனுக்குடன், பாரபட்சமில்லாமல் பதில் சொல்கிறது. அந்தப் பதிலைக் கேட்கப் பழகிய கை, சில மாதங்களில் நாம் சொல்லிக்கொடுக்காமலே திசையை மாற்றத் தொடங்கும். அதை முதன்முதலாக உணரும்போது கிடைக்கும் மகிழ்ச்சியைப் போன்ற ஒன்றை நான் வேறெங்கும் அடைந்ததில்லை.

இன்னொன்று, செய்தவரே அதைப் பயன்படுத்துகிறார். உதட்டை ஏமாற்ற முடியாது. பார்வைக்கு மெல்லியதாகத் தோன்றிய விளிம்பு தடிப்பு என்று முதல் வாயிலேயே அது சொல்லிவிடும். அந்தக் குறையை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த கட்டையைப் பிளப்பீர்கள். இப்படி ஒரு கரண்டி அடுத்த கரண்டியைத் திருத்திக்கொண்டே போகிறது. மரங்களைப் பார்க்கும் பார்வையும் மாறிவிடுகிறது. முன்பு கண்ணில் படாத கோணல் கிளையைக் கண்டதும் கால் தானாக நிற்கும்.

கைவேலையால் மனிதர் அடையும் இந்த மாற்றத்தைக் கல்வியாகவே கருதியவர்கள் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் கைவேலையைப் பள்ளிப் பாடமாக்க உழைத்தார். சுவீடனில் நேஸ் என்னும் இடத்தில் ஓட்டோ சாலமன் நடத்திய பயிற்சிப் பள்ளிக்குப் பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் வந்து கற்றார்கள். ஸ்லாய்டு என்று பெயர் பெற்ற அம்முறையில், வீட்டுக்குப் பயன்படும் மரப் பொருள்களை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, கத்தி வேலையில் தொடங்கிச் செய்ய வைத்தார்கள். தச்சர்களை உருவாக்குவது அவர்களின் நோக்கமாக இருக்கவில்லை. கவனமும் பொறுமையும், தன் கையால் ஒன்றை முழுதாகச் செய்து முடிக்கும் நம்பிக்கையும் உள்ள மனிதர்களையே அவர்கள் உருவாக்க விரும்பினார்கள். வீட்டில் கேட்பவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: பத்து வயது மகள் தானும் செதுக்க வேண்டும் என்கிறாள். விடலாமா?

பதில்: நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதானால் விடலாம். கரண்டியில் தொடங்க வேண்டாம். பெருவிரல் கனமுள்ள பச்சைக் குச்சி ஒன்றைக் கொடுத்து, உடம்புக்கு எதிர்ப்புறமாகப் பட்டையை மட்டும் சீவச் சொல்லுங்கள். பிறகு முனையைக் கூராக்கட்டும். அது சலிப்பில்லாமல் வந்ததும், குழி இல்லாத ஒரு துடுப்புக் கரண்டியைச் செய்யச் சொல்லலாம். நாரின் இரு திசையும் கழுத்தில் சந்திப்பதை அதிலேயே கற்றுக்கொள்வாள். கோடரி வேலையை நீங்களே செய்து கட்டையைத் தயாராக்கிக் கொடுங்கள். கைப்பிடி அவள் உள்ளங்கைக்கு அடங்கும் சிறிய கத்தியாக, உங்கள் கத்தியின் அளவுக்கே கூராக்கிக் கொடுங்கள். அவள் கேட்டாலொழியத் திருத்தாதீர்கள். பிய்ந்த இடத்தைப் பார்த்ததும் பெரும்பாலும் அவளே கட்டையைத் திருப்பிப் பிடிப்பாள்.